முதல் இணையப் பக்கத்துக்கு மேட்டர் தயார் செய்வது எப்படி: கடலூர், புதுச்சேரி கடைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இணையதளம் வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" அடுத்தது, "எத்தனை நாளில் முடியும்?" இரண்டாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் கேட்டவர் கையில்தான் இருக்கிறது. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்கியாச்சு, டிசைன் பார்த்து ஓகே சொல்லியாச்சு, ஆனால் பக்கத்தில் போட வேண்டிய எழுத்து மட்டும் வந்து சேராது. "மேட்டர் அனுப்புங்க சார்" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். "நாளைக்குத் தர்றேன்" என்று இன்னொருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் வேறு யாரோ ஒருவரின் தளத்திலிருந்து நாலு பத்தியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

இந்த வழிகாட்டி அந்த மேட்டரைப் பற்றியது. டொமைன், ஹோஸ்டிங், நிறம், லோகோ எதுவும் இதில் வராது. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட உலகின் முதல் இணையப் பக்கத்தில் படமே கிடையாது. வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். எழுத்து சரியாக இருந்தால் பக்கம் தானாக நிற்கும்.

எழுத வராதே என்று தயங்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் வர வேண்டியதை நீங்கள் தினமும் கல்லாவில் உட்கார்ந்து போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதைப் பிடித்து வரிசைப்படுத்துவதுதான் வேலை.

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் முந்திரிப் பருப்பு விற்கும் கடை. பண்ருட்டிப் பக்கம் சொந்தத் தோப்பு கொஞ்சம் இருக்கிறது, மீதியை வெளியில் வாங்குகிறார்கள். உங்களுடையது தையல் கடையாகவோ, டியூஷன் சென்டராகவோ, புதுச்சேரியில் ஹோம்ஸ்டேயாகவோ இருக்கலாம். வழி ஒன்றுதான்.

படி 1: ஒரு வாரம் கேள்விகளை மட்டும் எழுதுங்கள்

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். போனில், வாட்ஸ்அப்பில், நேரில் யார் எது கேட்டாலும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம். நம் முந்திரிக் கடை நோட்டு இப்படி இருக்கும்:

"அண்ணே, முழு முந்திரி கிலோ என்ன விலை?"
"320ன்னா என்னங்க? 180 அதைவிட மட்டமா?"
"பாண்டிக்கு அனுப்புவீங்களா?"
"ஞாயித்துக்கிழமை கடை இருக்குமா?"
"பாயசத்துக்குப் போட உடைச்சது போதும், இருக்கா?"
"கல்யாணத்துக்குப் பத்து கிலோ வேணும், பார்த்துப் போட்டுத் தருவீங்களா?"
"பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வரணும்?"

ஒரே கேள்வி திரும்ப வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். வாரக் கடைசியில் எதற்குக் கோடு அதிகமோ அது பக்கத்தின் மேலே வரும், கோடு குறைந்தது கீழே போகும். "உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன?" என்று யாரும் போன் செய்து கேட்கப் போவதில்லை. ஆகவே அதற்குப் பக்கத்தில் இடமும் இல்லை.

இந்த நோட்டின் இன்னொரு பயன், உங்களுக்குச் சாதாரணமாகிப்போன ஒன்று வெளியாளுக்குப் புரியவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த 320 கேள்வியையே பாருங்கள். வியாபாரிக்கு அது மூச்சு விடுவது மாதிரி. ஒரு பவுண்டு எடையில், அதாவது ஏறக்குறைய 454 கிராமில், எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். 320 என்றால் பவுண்டுக்கு 320 வரை, கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 700 பருப்பு வரை. 180 என்றால் கிலோவுக்கு 400 பருப்புக்குள்தான் நிற்கும். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூட. ஆனால் வாங்க வருபவர் எண் பெரிதாக இருந்தால் சரக்கு உசத்தி என்று நினைத்துக்கொள்கிறார். இதை மூன்று வரியில் விளக்கி, "பாயசத்துக்கும் கேசரிக்கும் உடைசல் போதும், பரிசாகக் கொடுக்க 180 அல்லது 210 எடுங்கள்" என்று சேர்த்துவிட்டால், எந்த விளம்பர வாசகத்தையும்விட அது அதிகம் விற்றுக் கொடுக்கும். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு 320 கட்டாயம் இருக்கும். தேடுங்கள்.

படி 2: யாருக்காக, எதற்காக என்று ஒரு வரி

நோட்டைப் பார்த்தாலே உங்களிடம் வருபவர்கள் இரண்டு மூன்று வகை என்பது தெரியும். உள்ளூரில் கால் கிலோ, அரை கிலோ வாங்குபவர். பாண்டியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பார்சல் கேட்பவர். கல்யாணம், ஸ்வீட் ஸ்டால் என்று மொத்தமாக எடுப்பவர். முதல் பக்கத்தில் மூவரையும் சமமாகத் திருப்திப்படுத்தப் பார்த்தால் மூவருக்கும் குழப்பம்தான். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்குக் கீழே ஒரு பத்தி போதும்.

அப்புறம் ஒரு காகிதத்தில் இப்படி எழுதுங்கள்: "இந்தப் பக்கத்தைப் படித்து முடித்தவர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்ப வேண்டும்." படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு வேலையாகச் சொல்லிப் பழகுங்கள். ஃபேஸ்புக்கில் லைக் போடு, யூடியூபில் சப்ஸ்கிரைப் செய், போன் பண்ணு, கடைக்கு வா என்று நாலு வேலை கொடுத்தால் அவர் ஒன்றும் செய்யாமல் போய்விடுவார்.

படி 3: விவரங்களைத் திரட்டுங்கள், முகவரியில் கவனம்

கடைப் பெயர், நேரம், விடுமுறை, போன் எண், வாட்ஸ்அப் எண், பணம் கட்டும் வழி, பார்சல் போகும் ஊர்கள், ஆரம்பித்த ஆண்டு. இதெல்லாம் தெரிந்ததுதானே என்று தோன்றும். எழுதிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை இருக்கும். போர்டில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், கூகுள் மேப்பில் வேறு எழுத்துக்கூட்டல் என்று மூன்று இடத்தில் மூன்றாக இருக்கும். முதலில் ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். உணவுப் பொருள் விற்பவர்கள் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரிக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். கடலூரில் இது மற்ற ஊரைவிடக் கொஞ்சம் சிக்கல். "கடலூர் ஸ்டேஷனில் இறங்குங்கள்" என்று எழுதினால் வெளியூர்க்காரர் திண்டாடுவார். திருப்பாதிரிப்புலியூர் ஒரு ஸ்டேஷன், முதுநகர்ப் பக்கம் இருக்கும் கடலூர் துறைமுகம் சந்திப்பு இன்னொன்று. நாம் ஓ.டி. (ஓல்டு டவுன்), என்.டி. (நியூ டவுன்) என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். சேலத்திலிருந்து வருபவருக்கு அது என்ன புரியும்? "திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் இறங்கி மஞ்சக்குப்பம் பக்கம் வர வேண்டும்" என்று முழுசாக எழுதுங்கள். நீலகிரியில் கூடலூர் என்று ஒரு ஊர் இருக்கிறது, தேனிப் பக்கம் இன்னொன்று. தட்டச்சில் ஒரு எழுத்து தவறினால் தேடுபவர் அங்கே போய் நிற்பார். அதனால் "கடலூர் மாவட்டம்" என்பதையும் பின்கோடையும் விடாதீர்கள்.

புதுச்சேரியில் சிக்கல் வேறு மாதிரி. காந்தி வீதியில் கடை என்றால் ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட் நடக்கும், கார் உள்ளே நுழைவது கஷ்டம். காரை எங்கே விட்டுவிட்டு எந்தப் பக்கமாக நடந்து வருவது என்று ஒரு வரி எழுதினால் வருபவர் உங்களை வாழ்த்துவார்.

அடையாளமாகச் சொல்லும் இடம் பத்து வருஷம் கழித்தும் இருக்கும் இடமாகப் பாருங்கள். பாடலீஸ்வரர் கோயில், பெரிய மார்க்கெட், ரயில் நிலையம் எங்கும் போகாது. எதிரில் இருக்கும் மொபைல் கடை போய்விடும். லேண்ட்லைன் எண் கொடுத்தால் கடலூருக்கு 04142, புதுச்சேரிக்கு 0413 என்ற கோடோடு கொடுங்கள். செல்போன் எண்ணை +91 சேர்த்து, எழுத்தாகவே அடியுங்கள். போர்டைப் படம் எடுத்து அதிலிருக்கும் எண்ணே போதும் என்று விட்டால் யாராலும் தொட்டு அழைக்க முடியாது.

படி 4: பேசுங்கள், அப்புறம் எழுதுங்கள்

வெள்ளைத் தாளைப் பார்த்தால் கை நின்றுவிடும். போனை எடுத்து ரெக்கார்டரைப் போடுங்கள். நோட்டில் உள்ள கேள்வியை வீட்டில் யாராவது ஒருவரைக் கேட்கச் சொல்லி, வாடிக்கையாளருக்குச் சொல்வது போலவே பதில் சொல்லுங்கள். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது, நேரடியாக அதிலேயே பேசினால் எழுத்தாக வந்துவிடும். ஊர்ப் பெயரையும் எண்ணையும் அது அவ்வப்போது தப்பாக எடுக்கும், பார்த்துத் திருத்த வேண்டும்.

பேசியது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "பாண்டிக்கா? அனுப்பிடலாங்க. காலைல சொன்னீங்கன்னா சாயங்காலம் வந்துடும். ரெண்டு கிலோவுக்கு மேலன்னா கூலி கிடையாது."

எழுதும்போது: "புதுச்சேரிக்குள் வீட்டுக்கே அனுப்புகிறோம். காலை 11 மணிக்குள் சொன்னால் அன்று மாலையே வந்துவிடும். 2 கிலோவுக்கு மேல் வாங்கினால் அனுப்பும் செலவு இல்லை."

அவ்வளவுதான் மாற்றம். "காலைல" என்பது 11 மணி என்று உறுதியானது, மற்றபடி விஷயம் அதேதான். இதை "விரைவான மற்றும் நம்பகமான விநியோக சேவைகளை வழங்கி வருகிறோம்" என்று மாற்றினால் பேச்சில் இருந்த மூன்று தகவலும் காணாமல் போய்விடும். பேச்சைவிட எழுத்தில் தகவல் குறைந்தால் ஏதோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

படி 5: முதல் பத்தி

மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குப் போகலாம், தப்பில்லை. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இணையப் பக்கத்துக்கு வந்தவர்களில் 79 சதவீதம் பேர் கண்ணை மேலோட்டமாக ஓட்டியவர்கள், வரிவரியாகப் படித்தவர்கள் வெறும் 16 சதவீதம். அது கம்ப்யூட்டர் திரைக் காலம். பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் போனைத் தள்ளும் இந்தக் காலத்தில் பொறுமை கூடியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

நம்ம ஊரில் வரும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"எமது இணையதளத்திற்கு வருகை தந்துள்ள தங்களை அன்புடன் வரவேற்கிறோம். வாடிக்கையாளர்களின் திருப்தியே எமது தாரக மந்திரம். பல்லாண்டு அனுபவத்துடன், தலைசிறந்த தரத்தில், நியாயமான விலையில் எமது சேவைகளைத் தொடர்ந்து வழங்கி வருகிறோம்."

ஒரு சோதனை செய்யுங்கள். இதை ஒரு சிமெண்ட் கடை பக்கத்தில் போட்டால் பொருந்துமா? பொருந்தும். பல் ஆஸ்பத்திரிக்கு? அதற்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்துகிற வாக்கியம் உங்களுக்கு எதற்கு? முழுசாக அடித்துவிடுங்கள். கோயில் திருவிழா நோட்டீஸுக்கு வரவேற்பு அழகு, இங்கே அது போனின் முதல் திரையைத் தின்றுவிடுகிறது.

அதற்குப் பதிலாக:

"கடலூர் மஞ்சக்குப்பத்தில் முந்திரிப் பருப்பு. முழுசு, பாதி, உடைசல் மூன்றும் கால் கிலோவிலிருந்து கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சொன்னால் கடலூர், புதுச்சேரிக்குள் வீட்டுக்கே அனுப்புகிறோம். கடை காலை 9 முதல் இரவு 8 வரை, ஞாயிறு மதியத்தோடு அடைப்பு."

என்ன, எங்கே, எவ்வளவு, எப்படி வாங்குவது, எப்போது. ஐந்தும் நாலு வாக்கியத்தில் வந்துவிட்டன. "தலைசிறந்த" என்ற சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் கடை நம்பகமாகத் தெரிகிறது.

இங்கே ஒரு நேர்மை விஷயம். பண்ருட்டிப் பக்கம் உடைக்கப்படும் கொட்டையில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாவதும் உண்டு, தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படிப்பட்ட சரக்கையும் சேர்த்து "எங்கள் தோப்பிலிருந்து நேராக" என்று எழுதாதீர்கள். "எங்கள் தோப்புப் பருப்பு சீசனில் மட்டும் கிடைக்கும், மற்ற மாதங்களில் பண்ருட்டியில் உடைத்த பருப்பு" என்று எழுதினால் நம்பிக்கை கூடத்தான் செய்யும். வாயால் சொன்னது காற்றோடு போகும். பக்கத்தில் எழுதியதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள்.

படி 6: மீதிப் பத்திகளும் துணைத்தலைப்புகளும்

நோட்டில் கோடு அதிகம் விழுந்த வரிசையிலேயே போங்கள். நம் கடைக்கு: ரகமும் விலையும், 320 என்றால் என்ன, பார்சல், கல்யாண ஆர்டர், வரும் வழி, எங்களைப் பற்றி. "எமது சேவைகள்", "எமது சிறப்புகள்" என்ற துணைத்தலைப்பு எதையும் சொல்வதில்லை. "புதுச்சேரிக்கு பார்சல்" என்று வைத்தால் வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவரின் கட்டைவிரல் அங்கே நிற்கும்.

ஒரு பத்திக்கு மூன்று நாலு வாக்கியம் போதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, போன் திரையின் அகலமோ கொஞ்சம். "அனுப்பிவைத்துக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதினால் ஒரு வரி முழுக்க அந்த ஒரு சொல்லே உட்கார்ந்துகொள்ளும். "அனுப்புகிறோம்" போதாதா? இருபக்கமும் ஒழுங்காக முட்டும்படி வரிகளை அமைக்கச் சொல்லாதீர்கள், நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். எல்லாவற்றையும் நடுவில் வைப்பதும் வேண்டாம். பக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும். அடிக்கோடு இணைப்புக்கு மட்டும்தான். வேறு எதற்காவது போட்டால் ஜனங்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆச்சரியக்குறியை மொத்தமாக விட்டுவிடலாம்.

விலை போடலாமா என்பது எப்போதும் வரும் சண்டை. "போட்டிக்காரன் பார்த்துடுவான்" என்பார்கள். போட்டிக்காரருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும், தெரியாதது வாடிக்கையாளருக்குத்தான். என் கட்சி, போட வேண்டும். முந்திரி மாதிரி அடிக்கடி ஏறி இறங்கும் பொருளானால், எந்தத் தேதி விலை என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அதுவும் முடியாது என்றால் "இன்றைய விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் கேளுங்கள்" என்று போடலாம். "விலைக்குத் தொடர்புகொள்ளவும்" என்று மட்டும் போட்டால் பாதிப் பேர் அத்தோடு போய்விடுவார்கள்.

படி 7: எங்களைப் பற்றி

"நீண்ட நெடிய பாரம்பரியம்" வேண்டாம். ஆண்டும், இடமும், நடந்த விஷயமும் வேண்டும். கடலூர் மாவட்டத்தில் முந்திரி வைத்திருந்த யாருக்கும் 2011 டிசம்பர் 30 மறக்காது. தானே புயல் அன்று ஒரே நாளில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்துப் போட்டுவிட்டுப் போனது. நம் கற்பனைக் கடைக்காரர் இப்படி எழுதலாம்: "அப்பா வைத்த மரங்களில் பெரும்பாலானவை தானே புயலில் விழுந்தன. மறுபடி நட்டு, காய்க்கும்வரை வெளியில் பருப்பு வாங்கி விற்க ஆரம்பித்தோம். அப்படி வந்ததுதான் மஞ்சக்குப்பம் கடை." இப்படி மூன்று வாக்கியம் போதும். எந்தப் போட்டிக்காரரும் இதை நகல் எடுக்க முடியாது.

உங்கள் வாழ்க்கையில் புயல் எதுவும் இல்லையென்றால் இட்டுக்கட்ட வேண்டாம். "2016 முதல் இதே இடத்தில்" என்ற ஒரு வரியே போதும். வாடிக்கையாளர் பாராட்டு போடுவதானால் அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே போடுங்கள். நீங்களே எழுதிய பாராட்டு படிப்பவர் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

படி 8: ஜனங்கள் தேடும் பெயர்

ஒரே ஊரைப் புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை என்று நாலு விதமாக எழுதுகிறோம். 2006இல் பெயர் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆன பிறகும் "பாண்டி" போகவில்லை, போகவும் போகாது. திருப்பாதிரிப்புலியூரைத் திருப்பாப்புலியூர் என்று எழுதுபவரும் தேடுபவரும் நிறைய. கூகுள் ஓரளவு புரிந்துகொள்ளும் என்றாலும் இரண்டு வடிவமும் பக்கத்தில் இயல்பாக வந்துபோவது நல்லது. தலைப்பில் புதுச்சேரி, பார்சல் பத்தியில் ஒரு இடத்தில் பாண்டிச்சேரி. அதோடு நிறுத்துங்கள். "பாண்டி முந்திரி, பாண்டிச்சேரி முந்திரி, புதுவை முந்திரி" என்று அடுக்கினால் தேடுபொறிக்கும் பிடிக்காது, படிப்பவருக்கும் பிடிக்காது. பொருளின் பெயருக்கும் இதே கதைதான். நீங்கள் "முந்திரிப் பருப்பு" என்கிறீர்கள், பிள்ளைகள் "கேஷ்யூ" என்று தேடுகிறார்கள். ஒரு முறை அதையும் சொல்லிவிடுங்கள்.

படி 9: யூனிகோடில்தான் இருக்க வேண்டும்

நம்ம ஊரில் மேட்டர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். டி.டி.பி. கடையில் நோட்டீஸுக்கு அடித்து வைத்த மேட்டர் இருக்கிறதே, அதையே போட்டுவிடலாம் என்று தோன்றும். அது பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். காரணம் எளிது. பழைய எழுத்துருக்களில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் சொந்த எண்கள் உண்டு, அதனால் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும், தேடலிலும் கிடைக்கும். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

கண்டுபிடிக்க ஒரு வழி: மேட்டரிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. குப்பையாக வந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றுங்கள், மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படித்துப் பாருங்கள். ஒற்றெழுத்தும் கொம்பும் அங்கங்கே இடம் மாறியிருக்கும். புதிதாக அடிப்பதானால் போனிலேயே அடிக்கலாம். கம்ப்யூட்டரில் என்றால் 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொள்வது நல்லது, ஒலிபெயர்ப்பு முறையைவிட விசை அழுத்துவது குறைவு.

படி 10: படங்களுக்கும் எழுத்து வேண்டும்

படத்தோடு இரண்டு வித எழுத்து போகும். ஒன்று கீழே தெரியும் படக்குறிப்பு. இன்னொன்று மாற்று உரை, அதாவது படம் இறங்காதபோதும், பார்வையற்றோர் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும்போதும் படத்துக்குப் பதிலாக வருவது. "முந்திரி படம்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "இடதுபக்கம் 180 ரகப் பருப்பு, வலதுபக்கம் 320, அளவு தெரிய நடுவில் ஒரு ரூபாய் நாணயம்" என்று எழுதுங்கள். எழுதும்போதே எந்தப் படம் எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது, பாருங்கள்.

இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்துக்கும் பொருந்தும். போனில் பகல் வெளிச்சத்தில் நீங்கள் எடுத்ததே நன்றாக இருக்கும். பருப்பு உடைக்கும் அக்காக்கள் முகம் தெரிந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

படி 11: சின்னச் சின்ன எழுத்துகள்

பக்கத் தலைப்பு என்பது தேடல் முடிவில் பெரிதாகத் தெரியும் வரி. பலர் இதை "முகப்பு" என்றே விட்டுவிடுகிறார்கள். "முந்திரிப் பருப்பு, மஞ்சக்குப்பம், கடலூர்" என்று பொருளும் ஊரும் முன்னால் வரட்டும், அதன் பின்னால் கடைப் பெயர். தேடுபொறி அகலத்தைப் பார்த்து வெட்டுவதால், அகலமான தமிழ் எழுத்துகளுக்கு இடம் குறைவு. அதற்குக் கீழே வரும் விவரிப்புக்கு, முதல் பத்தியின் முதல் இரண்டு வாக்கியத்தையே கொடுத்துவிடலாம்.

பட்டனில் "இங்கே சொடுக்கவும்" வேண்டாம். "வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்ய" என்று போடுங்கள். தொட்டால் என்ன நடக்கும் என்பது தொடுவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

படி 12: தமிழா, ஆங்கிலமா?

வாங்குபவர் யாரோ அவர் மொழி. கடலூர் முந்திரிக் கடைக்குத் தமிழ் முதலில். புதுச்சேரி வைட் டவுனில் ஹோம்ஸ்டே நடத்துபவருக்கு ஆங்கிலம் முதலில். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தனிப் பக்கம் வையுங்கள். பத்திக்குப் பத்தி மாறி மாறிப் போட்டால் இரண்டு வாசகருக்கும் எரிச்சல். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போடுவதைவிட, ஆங்கிலத்தில் ஐந்து வரி மட்டும் நீங்களே எழுதிப் போடுவது மேல்.

படி 13: சரிபார்ப்பு

முதலில் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். அடுத்து எழுத்துப்பிழை. ல, ள, ழ, ண, ன, ந, ர, ற. விட்டுப்போன ஒற்றை எல்லோரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் "பருப்பு" "பறுப்பு" ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள். எண்களைத் தனியாக ஒரு சுற்று பாருங்கள். போன் எண்ணைப் பார்த்துச் சரி என்று விடாமல், அடித்து வைத்ததைத் தொட்டு அழைத்தே பாருங்கள்.

கடைசியாக, தொழில் தெரியாத ஒருவரிடம் போனில் படிக்கக் கொடுங்கள். சித்தியோ, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனோ யாரானாலும் சரி. "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "எனக்கு நாளைக்குப் பாண்டியில் ஒரு கிலோ வேணும், என்ன பண்ணணும், எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். பக்கத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிட்டால் மேட்டர் தயார். எங்கே தயங்குகிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.

படி 14: ஒப்படைப்பது

வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் தளம் செய்பவர் பாவம். கூகுள் டாக்ஸிலோ வேர்டிலோ ஒரே கோப்பு. அதில் ஒவ்வொரு பகுதிக்கு மேலும் "பக்கத் தலைப்பு", "முதல் பத்தி", "படம் 3, மாற்று உரை" என்று பெயர் எழுதுங்கள். படக் கோப்புக்குக் கேமரா வைத்த எண்ணை மாற்றி, "முந்திரி 180 ரகம்" என்கிற மாதிரி பெயர் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள் அல்லது கூகுள் டிரைவில் போடுங்கள். மேட்டரைத் திருத்தினால் அந்த ஒரே கோப்பில் திருத்தி, தேதி போடுங்கள். பழையது எது, புதியது எது என்ற தகராறு வராது.

பக்கம் வந்த பிறகு

எந்தெந்த வரி காலாவதியாகும் என்று கோப்பின் அடியில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். விலை, நேரம், தீபாவளிச் சலுகை, விடுமுறை. நம் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட நாளில் "காலையில் சொன்னால் மாலையே வரும்" என்ற வரி பக்கத்தில் நின்றால் கோபமான போன்தான் வரும். "மழையால் பார்சல் இரண்டு நாள் தாமதமாகும்" என்ற வரியை இப்போதே எழுதிக் கோப்பில் வையுங்கள். தேவைப்படும் நாளில் எடுத்து மேலே போட்டுவிடலாம். வீட்டில் யார் அதைப் போடுவது, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.